மெட்ராஸ் வழி தெரிஞ்ச டிரைவர்

வாடகைக் கார் ஓட்டுறவனுக்கு ஸ்டியரிங் புடிக்கத் தெரியணும், வாயைத் திறந்து வழி கேக்கத் தெரியணும், இந்த ரெண்டும் இருந்தா காசி வரைக்கும் போயிட்டு வந்துரலாம்னு எங்க கறம்பக்குடி ஸ்டாண்டுல சொல்லுவாக. அப்படிச் சொன்னவுக யாரும் தாம்பரம் தாண்டி வண்டி ஓட்டியிருக்க மாட்டாக. அங்க வண்டியை நிறுத்துனாத்தானே வாயைத் திறக்குறதுக்கு? நிறுத்துனோம்னா பின்னாடி வர்றவன் ஹாரன்லயே நம்ம பரம்பரையை விசாரிச்சுருவான்.

ஊர்க்காட்டுலேருந்து மெட்ராஸுக்கு வண்டி கொண்டு போயி, பாலத்துக்கு மேல போறதா கீழ போறதான்னு தெரியாம வேர்த்துப் போயி நின்ன அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரவுகதான். ஒங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நீங்க பட்டதை விட நான் பட்டது கொஞ்சம் கூட. ஏன்னா, ஒங்களுக்கு வழி தெரியாதுன்னு சொல்லிக்கிறலாம். நான் சொல்லிக்கிற முடியாது.

பதினாறு வருசம் கல் குவாரி லாரி ஓட்டுனேன். இடுப்பு எலும்பு தேஞ்சு போச்சு, இனிமே லாரியில ஏறுனா படுத்த படுக்கைதான்னு டாக்டர் சொல்லிப்புட்டாரு. அந்த நேரம் பாத்து சபுரா அக்கா ஒரு டிரைவர் தேடிக்கிட்டு இருந்தாக. அவுகளுக்கு ஏழு பேரு உக்கார்ற கார் ஒண்ணு. வெளிநாடு போறவுக வர்றவுகளை ஏத்தி எறக்குறதுதான் முக்கால்வாசி வேலை. "மெட்ராஸ் தெரியுமா தம்பி?"ன்னு கேட்டாக. "ரெண்டு வருசம் அங்கதான்க்கா ஓட்டுனேன்"னேன். ஓட்டுனது உண்மை. அம்பத்தூர்ல ஒரு கம்பெனி குடோனுக்குள்ள பெட்டி தூக்குற வண்டி ஓட்டுனேன். கேட்டுக்கு வெளிய நான் பாத்த மெட்ராஸ், ஒரு டீக்கடையும் ஏழு பேரு படுக்குற ரூமும்தான். சாவி கைக்கு வந்துருச்சு.

இந்த வேலையும் போச்சுன்னா மறுபடி லாரி ஏற இடுப்பு இல்ல, வேற தொழில் கத்துக்க வயசும் இல்ல. மக பன்னெண்டாவது படிக்கிறா. அதனால ஒவ்வொரு மெட்ராஸ் ட்ரிப்புக்கும் எனக்கு ஒரே பயம்தான். இன்னிக்கு வழி தப்பும், ஏறுனவுக அக்காகிட்ட போயிச் சொல்லுவாக, மறுநாள் காலையில அக்கா சாவியைக் கேப்பாக. மூணு வருசம் இப்படித்தான் ஓடுச்சு.

கெளம்புன வண்டி திரும்பப்படாது

மழையூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். மகன் செல்வராசு மொத தடவையா சிங்கப்பூர் போறான். திருச்சியில டிக்கெட் கிடைக்காம மெட்ராஸ்லேருந்து சாயங்காலப் பிளைட்டு. வழியனுப்ப அவன் அம்மாவும் ஏறிக்கிட்டாக. நல்ல நேரம் பாத்து, தேங்கா ஒடச்சு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிக் கெளம்புனோம். ரெண்டு தெரு தாண்டுனதும் பையன், "சார்ஜரை வச்சுட்டு வந்துட்டேன்"னான். நான் ரிவர்ஸ் போடப் போனேன். அந்தம்மா என் சீட்டைப் புடிச்சுக்கிட்டு, "பயணம் கெளம்புன வண்டி திரும்பப்படாது தம்பி"ன்னுட்டாக. சித்தப்பா பைக்குல கொண்டாந்து குடுத்தாரு. எங்க பக்கம் எல்லா வீட்லயும் உள்ள வழக்கம்தான், அப்ப எனக்கு அது பெருசாப் படலை.

பல்லாவரம் வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. ஏர்போர்ட்டு போர்டு தெரிஞ்சுச்சு, அம்புக்குறி இடது பக்கம் காட்டுச்சு. நானும் இடது பக்கம் ஒதுங்கத்தான் பாத்தேன். ஒரு டவுன் பஸ்ஸு எனக்குப் பக்கத்துலயே சுவராட்டம் வந்துக்கிட்டு இருக்கு, விட மாட்டேங்குது. முன்னாடி போகவும் முடியல, பின்னாடி வரவும் முடியல. என்ன ஏதுன்னு யோசிக்கிறதுக்குள்ள வண்டி பாலத்துல ஏறிருச்சு. ஏர்போர்ட்டு கண்ணாடிக் கட்டடம் எடது கைப்பக்கம் பளபளன்னு பின்னால போகுது. பையன், "அண்ணே, பிளேனு அங்கிட்டு நிக்குது"ங்குறான்.

இனி திரும்பித்தான் ஆகணும். அந்தம்மாகிட்ட அதை எப்படிச் சொல்றது? நேரம் வேற போகுது. "வேற கேட்டு வழியா சுத்திப் போறோம்மா"ன்னு மழுப்பிட்டு, கத்திப்பாரா பாலத்துல ஏறுனேன். அது ஏறுது, எறங்குது, ஒரு வளைவு, அதுக்குள்ள இன்னொரு வளைவு. எந்த வளைவுல பிரியணும்னு தெரியாம ஒரே எடத்தை ரெண்டு தடவை சுத்துனேன். மூணாவது தடவை வண்டி மூக்கு தானாவே வந்த பக்கம் பாத்து நின்னுச்சு. அந்தம்மா ஜன்னல்லேருந்து கண்ணெடுக்காம எல்லாத்தையும் பாத்துக்கிட்டே வந்தாக. வந்த ரோட்டுக்கு எதுத்த ரோட்டுலயே திரும்பப் போறோம்னு அவுகளுக்கு நல்லாவே தெரிஞ்சிருச்சு. போச்சு, ஊருக்குப் போனதும் மொத வேலையா அக்காகிட்ட சொல்லப் போறாகன்னு நெனச்சுக்கிட்டே ஓட்டுனேன். நேரத்துக்குக் கொண்டு போயி எறக்குனேன். எறங்கி, முந்தானையை உதறிக்கிட்டு அவுக சொன்னது இதுதான்: "நீங்க திருப்பலை தம்பி. ரோடுதான் திரும்புச்சு, நீங்க கூடப் போனீங்க. அதுல குத்தமில்ல."

முப்பது வருசத்துக்கு முந்தி

பொன்னமராவதியிலேருந்து ஒரு பெரியவரு. தாலுகா ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. தேனாம்பேட்டையில மக வீட்டுக்குப் போகணும். ஏறி உக்காந்த உடனே என் போனைப் பாத்து, "அதை உள்ள வைங்க. சைதாப்பேட்டையில ஏழு வருசம் ரூம் எடுத்துத் தங்குனவன் நான். வழி நான் சொல்றேன், நீங்க ஓட்டுங்க"ன்னாரு. எனக்கு இப்படி ஒரு ஆளு கிடைச்சதுல வயித்துல பால் வாத்த மாதிரி ஆயிருச்சு. வழி தெரிஞ்சவரு கூட இருக்காரு, அப்படியே தப்புனாலும் பழி அவருக்கு. அன்னிக்குத்தான் விக்கிரவாண்டியில நிம்மதியா ரெண்டு இட்லி கூடச் சாப்புட்டேன்.

தாம்பரம் வந்ததும், "இங்கன ஒரு புளியமரம் நின்னுச்சே"ன்னாரு. இவரு சொல்றது எந்தக் காலத்து மெட்ராஸ்னு அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கிண்டி தாண்டி, "இந்தா, இந்த ரோட்டுல ரைட்டு"ன்னாரு. திருப்புனேன். எதுக்க வந்த வண்டியெல்லாம் ஒரே நேரத்துல லைட்டைப் போட்டுச்சு. போலீஸ்காரரு ஓடி வந்து மறிச்சாரு. நம்பர் பிளேட்டுல ஐம்பத்தஞ்சைப் பாத்துட்டு, "புதுக்கோட்டையா?"ன்னாரு, ஊரைச் சொன்னதே பாதி திட்டு மாதிரி இருந்துச்சு. நான் லைசென்ஸை எடுக்குறதுக்குள்ள பெரியவரு எறங்கி, "சார், இது ரெண்டு பக்கமும் போற ரோடு, எனக்குத் தெரியாதா"ன்னு சண்டைக்குப் போயிட்டாரு. போலீஸ்காரரு அவரு நரைச்ச தலையைப் பாத்தாரு, என் மூஞ்சியைப் பாத்தாரு, "ஐயா, நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இது ஒன்வேதான்"னு பொறுமையாச் சொல்லி, அவரே மத்த வண்டியை நிறுத்தி எங்களைப் பின்னால எடுக்க விட்டாரு. நல்ல மனுசன், எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

அதுக்கப்புறம் நாலு ஒன்வே, ஒரு தோண்டிப் போட்ட ரோடு, ரெண்டு முட்டுச்சந்து. மக வீட்டு வாசல்ல போயி நிக்கிறப்ப ஒன்றரை மணி நேரம் லேட்டு. அந்தப் பொண்ணு மாடியிலேருந்து எறங்கி வந்து, "ஏம்ப்பா இவ்வளவு நேரம்? டிரைவருக்கு வழி தெரியலையா?"ன்னு கேட்டுச்சு. வண்டியை புக் பண்ணுனதே அந்தப் பொண்ணுதான். அக்கா நம்பர் அது போன்லதான் இருக்கு. நான் பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். பெரியவரு மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு நிதானமாச் சொன்னாரு: "டிரைவர் மேல தப்பில்லம்மா. நான் சொன்ன வழியும் சரிதான். மெட்ராஸைத்தான் மாத்தி வச்சிருக்காங்க."

ஸ்டாண்டுல நான்தான் மெட்ராஸ்காரன்

பொய்யில ஒரு கஷ்டம், அதைச் சொன்ன எடத்தோட நிக்காது. 'முருகேசு மெட்ராஸ்ல ரெண்டு வருசம் ஓட்டுனவன்'னு ஸ்டாண்டு முழுக்கப் பரவிருச்சு. எவனுக்கு மெட்ராஸ் ட்ரிப்பு வந்தாலும் என்கிட்ட வந்து வழி கேக்குறான். ஒருநா பக்கத்து வண்டி சரவணன், "அண்ணே, பூந்தமல்லிக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிட்டுப் போறேன், எப்படிப் போறது?"ன்னான். தெரியாதுன்னு சொல்லலாமா? வண்டலூர்ல ஒரு பெரிய ரோடு பிரியும், அதுல ஏறு, பெங்களூர் ரோடு வந்ததும் லெஃப்ட் எடுன்னு டீயை ஆத்திக்கிட்டே சொன்னேன். சொன்ன விதத்தைப் பாத்து எனக்கே நம்பிக்கை வந்துருச்சு.

ரெண்டு நா கழிச்சு சபுரா அக்கா வண்டி இன்சூரன்ஸ் பேப்பரைக் குடுக்க ஸ்டாண்டுக்கு வந்திருந்தாக. அந்த நேரம் பாத்துத்தான் சரவணன் வண்டியைக் கொண்டாந்து நிறுத்தி, நேரா என்னைப் பாத்து வாரான். லெஃப்ட் இல்ல, ரைட்டு எடுத்திருக்கணும்னு எனக்கு அதுக்கு முந்தின நாத்தான் தெரிஞ்சுச்சு. அக்கா ரெண்டு அடி தள்ளி நிக்கிறாக. கண்ணைக் காட்டுறேன், தலையை ஆட்டுறேன், அவன் பாத்தாத்தானே. பல்லெல்லாம் தெரிய, ஸ்டாண்டுக்கே கேக்குற மாதிரி சொல்றான்: "அண்ணே, நீங்க சொன்னபடியே போனோம். பூந்தமல்லி வரலை, காஞ்சிபுரம் வந்துச்சு. வந்தவுக சாமியும் கும்புட்டு, பட்டும் எடுத்துட்டாக, அவுகளுக்கு ரொம்ப சந்தோசம்."

அக்கா பேப்பரை மடிச்சு என் கையில குடுத்துட்டு ஒண்ணும் கேக்காமப் போயிட்டாக. அன்னிக்குச் சோறு எறங்கலை.

மண்டபம் தெரியுது

புதுக்கோட்டை டவுன்ல பொண்ணு வீடு, வேளச்சேரியில மாப்பிள்ளை வீடு. நிச்சயதார்த்தம் அங்க மண்டபத்துல. பொண்ணு வீட்டுக்காரவுக முதநாளே கூடுவாஞ்சேரியில சொந்தக்காரவுக வீட்ல வந்து தங்கிட்டாக. வெள்ளிக்கெழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள சீர் தட்டோட உள்ள நுழைஞ்சுரணும். வண்டியில ஆறு பொம்பளைக, ஆளுக்கு ஒரு தட்டு மடியில. பழம், பூ, வெத்தலை பாக்கு, மஞ்சக் கெழங்கு, பட்டுச் சேலை. தட்டு சாயப்படாது, பிரேக் போடப்படாது, பத்தரை ஆகப்படாது. இந்த மூணையும் ஒண்ணா எப்படிச் செய்யுறதுன்னு ஒரு டிரைவருக்கும் தெரியாது.

போன்ல மேப்பைப் போட்டு வச்சிருந்தேன். அந்த மேப்பு அம்மா பேச்சை நம்பி வண்டி போகுது. ஒரு எடத்துல ரோடு மூணாப் பிரியுது. ஒண்ணு கீழ, ஒண்ணு மேல, அதுக்கும் மேல இன்னொண்ணு. சரியா அந்த எடத்துல என் வீட்டுக்காரி போன் பண்ணுறா. மேப்பு மறைஞ்சு அவ படம் வந்துருச்சு. எடுக்கலைன்னா விட மாட்டா, எடுத்தா, "கேஸ் புக் பண்ணுனீங்களா?"ங்குறா. "பண்ணுனேன்டி, வையி"ன்னு கட் பண்ணுறதுக்குள்ள வண்டி உச்சிப் பாலத்துல நிக்குது. பொண்ணோட அத்தை, "தம்பி, அந்தா மண்டபம் தெரியுது, வாழை மரம் கட்டியிருக்கு பாருங்க"ன்னாக. கீழ எட்டிப் பாத்தா, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக பன்னீர் சொம்போட வாசல்ல வரிசையா நிக்கிறாக. ஒருத்தரு எங்க வண்டியை அடையாளம் கண்டு கையை ஆட்டுறாரு. இவுகளும் தட்டைப் புடிச்சுக்கிட்டே ஆட்டுறாக. நான் அவுக தலைக்கு மேல அம்பது கிலோமீட்டர் வேகத்துல தாண்டிப் போறேன்.

எறங்கித் திரும்பி வாரதுக்குள்ள மணி பத்து அஞ்சு. இந்தத் தடவை கீழ ரோட்டைத்தான் புடிச்சேன்னு நெனச்சேன். புடிச்சது நடுப் பாலம். மறுபடியும் மண்டபம், மறுபடியும் பன்னீர் சொம்பு, இந்தத் தடவை அவுகள்ல யாரும் கையை ஆட்டலை. வண்டிக்குள்ள பூ வாசம் மட்டும் அடிக்குது. ராகுகாலத்துல நிச்சயம் பண்ணி நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா என் பேரைத்தானே சொல்லுவாகன்னு நெனச்சுக்கிட்டே ஓட்டுறேன். அப்ப அத்தைதான் வாயைத் திறந்தாக: "மாப்பிள்ளையை ரெண்டு தடவை பாத்தாச்சு, ஒரு கொறையும் இல்ல. இனி நீங்க எங்களை எறக்கி விட்டீங்கன்னா நிச்சயம் பண்ணிப்புடலாம்."

பத்து இருவத்திரெண்டுக்கு எறக்கி விட்டேன். அன்னிக்குப் பந்தியில எனக்கு ரெண்டு பாயசம் வச்சதும் அந்த அத்தைதான்.

பால் பாக்கெட்டு போர்டு

இது போன மாசம் நடந்தது. இதுக்கு மேல எழுத எனக்கு ஒண்ணும் இல்ல.

சபுரா அக்கா வீட்டுக்காரரு ஜபருல்லா பாய். அஞ்சு வருசத்துக்கு முந்தி சவுதியிலேருந்து லீவுல வந்தாரு. மெட்ராஸ்ல எறங்கி ஒரு வாடகைக் கார்ல ஊருக்கு வரும்போது, நின்னுக்கிட்டு இருந்த லாரியில அந்தக் கார் போயி மோதிருச்சு. எடது காலுக்குள்ள கம்பி வச்சுத்தான் நடக்க விட்டாக. அதுலேருந்து அவரு புதுக்கோட்டைக்கு அங்கிட்டு கார்ல போனதே இல்ல. இப்ப கம்பி வச்ச எடத்துல சீழ் வைக்குது, மெட்ராஸ்ல போரூர் ஆஸ்பத்திரியில இன்ன டாக்டரைப் பாத்தே ஆகணும்னு சொல்லிட்டாக. பதினோரு மணிக்கு டைம் குடுத்திருக்காரு. அதைத் தவற விட்டா அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் கால் தாங்காதுன்னு உள்ளூர் டாக்டர் முன்னமே சொல்லிட்டாரு. அக்கா எனக்கு போன் பண்ணி, "தம்பி, நானும் வாரேன், இவுகளைப் பத்திரமாக் கொண்டு போயிச் சேத்துருங்க"ன்னாக.

ஒரு வாரம் நான் தூங்கலை. ஊர்ப்பக்கம் நம்ம எப்படி வழி வச்சுக்குவோம்? ஆலமரம், ஐயனார் கோயில், நார்த்தாமலைக் குன்று. நேத்து இருந்தது நாளைக்கும் இருக்கும். அதே பழக்கத்துல நான் மெட்ராஸுக்கும் ஒரு நோட்டு போட்டு வச்சிருந்தேன். 'தாம்பரத்துக்கு முன்னாடியே பைபாஸ். போரூர்கிட்ட பெரிய பால் பாக்கெட்டு போர்டு. பாத்த உடனே இடது பக்கம் சர்வீஸ் ரோட்டுல எறங்கு.' முந்தின ட்ரிப்புல என் கண்ணால பாத்து எழுதுனது. அதை மனப்பாடம் பண்ணிட்டேன். அது தவிர எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது.

முதநா செங்கல்பட்டுல தங்கிட்டுக் காலையில கெளம்புனோம். பாய் பின் சீட்டுல, கைப்புடியை விடாம உக்காந்திருந்தாரு. எந்த லாரியைப் பாத்தாலும் அவரு காலு தானா பிரேக் மிதிக்குது, கண்ணாடியில பாக்குறேன். "எவ்வளவு போகுது?"ன்னாரு. "எழுபது பாய்." "அறுபதுல போனாப் போதுமே." அறுபதுல போனேன். பைபாஸ்ல ஏறுனதும் பால் பாக்கெட்டைத் தேட ஆரம்பிச்சேன். ஒரு போர்டுல நகை, ஒரு போர்டுல சிமெண்டு, ஒரு போர்டுல அடுக்குமாடி வீடு. பால் பாக்கெட்டைக் காணோம். இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும், இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும்னு போயிக்கிட்டே இருக்கேன். அந்த அடுக்குமாடி வீட்டு போர்டுதான் முந்தி பால் பாக்கெட்டா இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? விளம்பரத்தை மாத்துவாங்கங்கற புத்தி எனக்கு இல்லாமப் போச்சு. மணி பத்து நாப்பது. தலைக்கு மேல பச்சைப் பலகை வருது, 'அம்பத்தூர்'னு.

அக்கா அதைப் படிச்சாக. "நீங்க வேலை பாத்த ஊருதானே தம்பி, இங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு வழி தெரியுமில்ல?"ன்னாக. தெரியும்னு சொல்ல வாயெடுத்துட்டு கண்ணாடியில பாத்தேன். பாயோட கைவிரலு கைப்புடியில வெளுத்துப் போயி இருந்துச்சு. வண்டியை ஓரம் கட்டி லைட்டைச் சிமிட்ட விட்டேன். "அக்கா, எனக்கு மெட்ராஸ் தெரியாது. நான் ஓட்டுனது குடோனுக்குள்ள. மூணு வருசமா ஒங்களை ஏமாத்திட்டேன்"னு சொல்லிட்டேன். அப்புறம் பாய்தான், "மொதல்ல கீழ எறங்குவோம். ஒரு ஆட்டோவை முன்னால ஓட விட்டு அது பின்னாடி போங்க"ன்னாரு. அப்படியே செஞ்சோம். ஆட்டோக்காரரு ஒவ்வொரு திருப்பத்துலயும் கையை வெளிய நீட்டிக் காட்டிக்கிட்டே போனாரு. பதினொண்ணு இருவதுக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் அப்பத்தான் வந்து உக்காந்திருந்தாரு, பாய் பேரை இன்னும் கூப்புடலை. ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டேன், யாரைக் கும்புட்டேன்னு தெரியாது.

பாயைச் சக்கர நாற்காலியில உள்ள கூட்டிட்டுப் போனாக. அக்கா பையை எடுக்க வண்டிக்குத் திரும்பி வந்தாக. நான் சாவியை நீட்டுனேன். "வேற ஆளைப் பாத்துக்கங்கக்கா. ஊர் வரைக்கும் மட்டும் ஓட்டிக் குடுத்துடுறேன்"னேன். அக்கா சாவியை வாங்கலை. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, கோபமும் இல்லாம சிரிப்பும் இல்லாம, அரிசி வெலை சொல்ற மாதிரி சொன்னாக: "ஒங்களுக்கு முன்னாடி நாலு பேரு வேலை கேட்டு வந்தாங்க தம்பி, மெட்ராஸ் முழுக்க அத்துபடின்னு சொன்னாங்க. அப்படி அத்துபடியான ஒருத்தரு ஓட்டுன வண்டியிலதான் இவுகளுக்கு காலு போச்சு. நீங்க வந்தன்னிக்கு கிண்டி எங்கிட்டு இருக்குன்னு கேட்டேன், கடக்கரை ஓரத்துலன்னு சொன்னீங்க. வழி தெரியாதவரு பயந்து பயந்து மெதுவாத்தான் போவாருன்னு நெனச்சுத்தான் ஒங்களுக்குக் குடுத்தேன். சாவியை நீங்களே வச்சுக்கிட்டு, நாங்க வெளிய வாரதுக்குள்ள ஊருக்குத் திரும்புற வழியை யார்கிட்டயாச்சும் கேட்டு வைங்க."

ஆக, எது வெளிய தெரிஞ்சா வேலை போயிரும்னு மூணு வருசமா உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்டுனேனோ, அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எனக்கு அந்த வேலையையே குடுத்திருக்காக.